டெபெஷ் மோட்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் சின்தசைசர் இசைக்குழுவைக் கேட்க ஆசைப்பட்டு, அவர்களின் 15 ஸ்டுடியோ ஆல்பங்களின் பட்டியலைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்கு இரண்டு பதில்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒன்று, "வயலேட்டர் கேள்." மற்றது, "ஏதாவது ஒரு ஹிட்ஸ் தொகுப்பைப் போட்டுப் பார்." இரண்டும் தப்பில்லை. ஆனால் கேட்பவர் எங்கிருந்து வருகிறார் என்று இரண்டுமே விசாரிப்பதில்லை. துள்ளலான சின்தசைசர் பாப் குழு இரேஷர் பிடித்தவருக்கும், கிட்டார் ராக் குழு நிர்வாணா பிடித்தவருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுத்தால் ஒருவருக்காவது ஒத்துக்கொள்ளாது.

1980-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், பேசில்டன் என்ற புதுநகரத்தில் தொடங்கிய குழு இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் மாறவில்லை. ஆனால் ஸ்டுடியோவுக்குள் யார் எந்த வேலையைச் செய்தார் என்பது மாறிக்கொண்டே இருந்தது, ஒலியும் அதோடு மாறியது. அதனால் ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது ஏறக்குறைய வேறு வேறு குழுக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மாதிரிதான்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்: யார் எழுதியது, யார் ஒலியைக் கட்டியது. முதல் ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவை வின்ஸ் கிளார்க் எழுதியவை. ஆல்பம் வந்த சூட்டோடு அவர் விலகிப்போய், பாடகி ஆலிசன் மோயேவுடன் யாஸூ என்ற குழுவையும், 1985-ல் ஆண்டி பெல்லுடன் இரேஷரையும் தொடங்கினார். எழுதும் வேலை குழுவின் இன்னொரு உறுப்பினர் மார்ட்டின் கோர் தலையில் விழுந்தது. 1982-ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்து சேர்ந்த ஆலன் வைல்டர் முதலில் மேடைக்கு மட்டும்தான். 1983 முதல் ஸ்டுடியோவிலும் முழு உறுப்பினர். அதிலிருந்து 1995-ல் அவர் விலகும்வரை, குறிப்பாகப் பிந்திய ஆண்டுகளில், நடைமுறை இதுதான்: கோர் தனியாக டெமோ (மாதிரிப் பதிவு) செய்து எடுத்துவருவார், வைல்டர் அதைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுவார், டேவ் கஹான் பாடுவார். ஆண்டி ஃப்ளெட்சர் இசைக்குக் கொடுத்தது குறைவு. வியாபாரப் பக்கத்தைக் கவனித்து, குழு உடையாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

இரண்டாவது: எத்தனை முறை கேட்டால் பிடிபடும். சில ஆல்பங்கள் முதல் பாட்டிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு நாலைந்து தடவை வேண்டும்.

மூன்றாவது: அங்கிருந்து அடுத்து எங்கே போக முடியும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நான்காவது: நீங்கள் கேட்கப்போவது எந்த வடிவம். சிங்கிளில் (தனியாக வெளியிடும் பாட்டில்) வந்த மிக்ஸும், அதாவது ஒலிகளைக் கலந்த விதமும், ஆல்பத்தில் உள்ள மிக்ஸும் இந்தக் குழுவில் பல இடங்களில் வேறு வேறு. பிரிட்டன் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் பாடல் வரிசையே மாறும்.

ஸ்பீக் அண்ட் ஸ்பெல் (1981)

லண்டனில் பிளாக்விங் ஸ்டுடியோவில் பதிவானது. வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடம் அது. மியூட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் டேனியல் மில்லர் குழுவோடு சேர்ந்து தயாரித்தார். எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது, கைகுலுக்கியதோடு சரி. அந்த வாய்ப்பேச்சிலேயே பல ஆண்டுகள் ஓடின.

இந்த ஆல்பம் ஏன் இவ்வளவு துள்ளலாக, கொஞ்சம் ஒல்லியாகவும் ஒலிக்கிறது என்பதற்கு விடை கருவியில் இருக்கிறது. மூக் பிராடிஜி, யமஹா சிஎஸ்-5, மில்லரின் ஆர்ப் 2600 போன்றவை ஒரு நேரத்தில் ஒரே சுரத்தை வாசிக்கும் சின்தசைசர்கள். விரல் விரித்துப் பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் பிடிக்க (கார்டு) வழியில்லை. அதனால் நாலைந்து ஒற்றைச் சுர வரிகளைப் பின்னல்போல ஒன்றோடொன்று கோத்து இசையைக் கட்ட வேண்டியிருந்தது. கிளார்க் அதில் கெட்டிக்காரர். 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8-வது இடம் பிடித்தது, ஆல்பம் 10-வது இடம்.

முதல் முறையிலேயே பிடித்துப்போகும். பிரச்சினை மூன்றாவது அளவுகோலில் வருகிறது. இதை ரசித்தவர் இதே குழுவின் அடுத்த ஆல்பங்களுக்குப் போனால், தேடியது அங்கே இருக்காது. எழுதிய ஆள் யாஸூவுக்குப் போய்விட்டார், நீங்களும் அங்கேதான் போக வேண்டும். இதில் கோர் எழுதியவை 'டோரா! டோரா! டோரா!' பாட்டும், 'பிக் மஃப்' என்ற வாத்திய இசைத் துண்டும் மட்டும். பின்னால் வரப்போகும் இருட்டின் சாயலை முதலாவதில் கொஞ்சம் கேட்கலாம்.

எண்பதுகளின் தொடக்க பாப் பிடிக்கும், இரேஷர் ஏற்கெனவே பழக்கம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூட இருக்கும்போது போட வேண்டும் என்றால் இது சரி. 'டிரீமிங் ஆஃப் மீ' பிரிட்டனின் முதல் இசைத்தட்டில் கிடையாது. அமெரிக்கப் பதிப்பில் உண்டு, அதற்காக அங்கே வேறொரு பாட்டை எடுத்துவிட்டார்கள்.

பிளாக் செலிபிரேஷன் (1986)

ஸ்பீக் அண்ட் ஸ்பெல்லிலிருந்து இதற்கு நேராகத் தாவினால் நடுவில் என்ன நடந்தது என்று புரியாது. நடுவில் நடந்தது சாம்ப்ளர், எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து சுரமாக வாசிக்க விடும் கருவி. 1983-ல் கன்ஸ்ட்ரக்ஷன் டைம் எகெய்ன் பதிவின்போது லண்டனில் ஷோர்டிச் பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடங்களுக்குப் போய், இரும்பையும் குழாயையும் தட்டிப் பதிவு செய்துவந்து, அந்தச் சத்தங்களையே தாளமாகவும் சுரமாகவும் ஆக்கினார்கள். மிக்ஸ் செய்யப் பெர்லினில் பெர்லின் சுவரை ஒட்டியிருந்த ஹான்சா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். 1984-ல் சம் கிரேட் ரிவார்டில் அந்த முறை வசப்பட்டது. அதிலுள்ள 'பீப்பிள் ஆர் பீப்பிள்' பட்டியலில் பிடித்த இடம்: பிரிட்டனில் 4, மேற்கு ஜெர்மனியில் 1, அமெரிக்காவில் 13.

பிளாக் செலிபிரேஷனில் அந்த இரும்புச் சத்தம் முன்னால் நின்று ஆர்ப்பாட்டம் செய்வதில்லை, பின்னால் போய் மூச்சுவிடுகிறது. 'ஸ்டிரிப்ட்' பாட்டின் அடித்தாளம், நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சத்தத்தை வேகம் குறைத்து எடுத்தது. கஹானின் போர்ஷே கார் கிளம்பும் சத்தமும் அதற்குள் இருக்கிறது. தெரியாமல் கேட்டால் கனமான டிரம் என்றுதான் நினைப்பீர்கள்.

சிங்கிள்கள் முன்னளவு போகவில்லை. 'ஸ்டிரிப்ட்' 15, 'எ கொஸ்டியன் ஆஃப் லஸ்ட்' 28, 'எ கொஸ்டியன் ஆஃப் டைம்' 17. ஆனால் ஆல்பம் 4-வது இடத்துக்குப் போனது. பாட்டு வாங்குகிற கூட்டம் விலகி, ஆல்பம் கேட்கிற கூட்டம் சேர்ந்த கட்டம் இது. இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் வழி உண்டு: பின்னால் சம் கிரேட் ரிவார்ட், முன்னால் மியூசிக் ஃபார் த மாஸஸ்.

இதற்கான விலை பொறுமை. பிரிட்டன் பதிப்பில் உள்ள 11 பாடல்களில் நான்கைக் கோர் பாடுகிறார். அவருடைய மெல்லிய குரல் எல்லோருக்கும் உடனே ஒட்டாது. தொடக்கப் பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும்படி அமைந்தவை. இலவச ஸ்ட்ரீமிங்கில் நடுவே விளம்பரம் வந்தால், அல்லது செயலியில் ஷஃபிள் போட்டிருந்தால், பாதி அர்த்தம் போய்விடும். இடைவெளியின்றி ஓடும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு, ஹெட்ஃபோனில், இரவில் கேளுங்கள். அமெரிக்கப் பதிப்பின் கடைசியில் 'பட் நாட் டுநைட்' என்ற உற்சாகமான பாட்டு ஒட்டியிருக்கும். நல்ல பாட்டுதான், ஆனால் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது மிட்டாய் கொடுத்த மாதிரி இருக்கும். 'நியூ டிரெஸ்' முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

101 (1989)

1988 ஜூன் 18, கலிபோர்னியாவில் பசடேனா நகரின் ரோஸ் பௌல் மைதானம். மியூசிக் ஃபார் த மாஸஸ் ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் 101-வது, கடைசி நிகழ்ச்சி. அதன் மேடைப் பதிவுதான் இந்த ஆல்பம். 60,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். டி. ஏ. பென்னிபேக்கர் குழுவினர் எடுத்த அதே பெயருள்ள ஆவணப்படமும் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து பேருந்தில் கிளம்பும் ரசிகர்களையும், மேடைக்குப் பின்னால் டி-ஷர்ட் விற்ற பணத்தை எண்ணுவதையும் மாறி மாறிக் காட்டும் படம். பேராசையைப் பற்றிய 'எவ்ரிதிங் கவுன்ட்ஸ்' பாட்டோடு அந்தப் பணக் காட்சியைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குழுவின் நக்கல் விளங்கும்.

அதுவரை வந்தவற்றில் முக்கியமானவை ஒரே மூச்சில், ஒரே ஒலியில் கிடைக்கின்றன. ஆண்டுகள் தள்ளிப் பதிவானவை என்ற வித்தியாசம் தெரியாது. கடைசியில் குழு நிறுத்திய பிறகும் கூட்டம் 'எவ்ரிதிங் கவுன்ட்ஸ்' பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டால், பிரிட்டன் பத்திரிகைகள் இளக்காரமாகப் பேசிய நால்வர் அமெரிக்காவில் என்ன ஆகியிருந்தார்கள் என்பது தெரியும்.

ஆனால் 'லைவ்' என்பதால் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் மேடையில் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. தாளமும் அடிப்படை ஒலிகளும் டேப்பில் ஓட, அதன்மேல் கீபோர்டு வாசித்துப் பாடினார்கள். எனவே பாடல்கள் ஸ்டுடியோ வடிவத்திலிருந்து அதிகம் விலகாது. மேடையில் ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கும் டெபெஷ் மோட் வேண்டுமென்றால் 1993-க்குப் பிந்தைய பதிவுகளைத்தான் தேட வேண்டும். இன்னொன்று, 1988-க்குப் பிறகு வந்த எதுவும் இதில் இருக்காது. 'என்ஜாய் த சைலன்ஸ்' தேடி ஏமாற வேண்டாம்.

வயலேட்டர் (1990)

எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 9 பாடல்கள், சுமார் 47 நிமிடம், சதை எங்கும் தொங்கவில்லை. மிலானிலும் டென்மார்க்கின் பக் ஸ்டுடியோவிலும் பெரும்பகுதி பதிவு. குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ஃப்ளட் என்ற தயாரிப்பாளர். பெரும்பாலான பாடல்களை மிக்ஸ் செய்தவர் நடன இசையில் கைதேர்ந்த ஃப்ரான்ஸ்வா கெவோர்கியன். பிரிட்டனில் 2, அமெரிக்காவில் 7.

இங்கே மாறியது வேலை செய்யும் முறை. கோர் அதுவரை முழுசாகத் தைத்த சட்டை மாதிரி டெமோ கொண்டுவருவார். இந்த முறை துணியாகக் கொண்டுவந்தால் போதும் என்று முடிவாயிற்று. 'என்ஜாய் த சைலன்ஸ்' அதற்கு நல்ல சாட்சி. கோரின் டெமோவில் அது ஹார்மோனியமும் குரலும் மட்டும் உள்ள மெதுவான பாட்டு. பஜனைக்கு உட்கார்ந்த நிதானம். வேகத்தை ஏற்றி, அடியில் நடனத் தாளம் போடலாம் என்று வைல்டர் சொன்னபோது கோருக்கு இஷ்டமில்லை. பிறகு அவரே அந்தப் புகழ்பெற்ற கிட்டார் வரியைச் சேர்த்தார். பிரிட்டனில் 6, அமெரிக்காவில் 8. அமெரிக்காவில் அவர்கள் தொட்ட உச்சம் அது. 'பர்சனல் ஜீஸஸ்' பாட்டில் வரும் காலடிச் சத்தம், கருவிகள் எடுத்துச்செல்லும் பெட்டிகள்மேல் ஆட்கள் குதித்துப் பதிவு செய்தது. அதே பாட்டை 2002-ல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கிட்டார் அடித்தளத்தில் பாடினார். தோலை உரித்தாலும் உள்ளே பாட்டு நிற்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறைவான செலவு ஒன்று உண்டு. இதில் தொடங்கியவர்கள் பலர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். பழைய ஆல்பங்களுக்குப் போனால் ஒலி மெலிவாகத் தெரிகிறது, பிந்தியவற்றுக்குப் போனால் சொரசொரப்பாகத் தெரிகிறது, எதுவும் இந்தப் பளபளப்புக்கு வருவதில்லை. முதலிலேயே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு மறுநாள் சாம்பார் ருசிக்காத கதை. குழுவின் முழு வரலாறும் வேண்டும் என்று நினைப்பவர் இதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்கப்போகிறேன் என்பவருக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

டீலக்ஸ் பதிப்பில் கேட்டால் 'கிளீன்' பாட்டோடு நிறுத்துங்கள். அதன்பின் வருபவை சிங்கிள்களின் மறுபக்கப் பாடல்கள். 'டேஞ்சரஸ்', 'சீ ஆஃப் சின்' இரண்டும் தனியாகக் கேட்கத் தகுதியானவை, ஆனால் ஆல்பத்தின் பகுதி அல்ல.

சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன் (1993)

கிட்டார், வைல்டர் கையால் வாசித்த டிரம்ஸ், காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பினத் தேவாலய இசை) பாணிப் பெண்குரல்கள், 'ஒன் கரெஸ்' பாட்டில் வயலின் குழு. கஹான் முடி வளர்த்து, பச்சை குத்திக்கொண்டு, ராக் பாடகராக மாறியிருந்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1-வது இடம்.

மாட்ரிட்டில் வீடு பிடித்து எல்லோரும் சேர்ந்து தங்கிப் பதிவைத் தொடங்கினார்கள், அது குழுவின் உறவைக் கெடுத்ததுதான் மிச்சம். கஹான் ஹெராயினில் மூழ்கினார், நீண்ட பயணத்தின் நடுவே 1994-ல் ஃப்ளெட்சர் வீடு திரும்பினார், 1995 ஜூனில் வைல்டர் விலகினார். அந்தப் பதற்றம் ஆல்பத்தில் அப்படியே கேட்கிறது. அதுவே இதன் பலம். ராக் கேட்டு வளர்ந்தவர், சின்தசைசர் என்றாலே விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர் இங்கே தொடங்கலாம். நடன இசை வேண்டுபவருக்கு இது பாரமாக இருக்கும்.

ஹிட்ஸ் தொகுப்புகள்

தொகுப்பு என்றால் மூன்றில் ஒன்று கையில் வரும். 1985-ல் வந்த த சிங்கிள்ஸ் 81–85, 1998-ல் வந்த த சிங்கிள்ஸ் 86–98, 2006-ல் வந்த த பெஸ்ட் ஆஃப் டெபெஷ் மோட், முதல் தொகுதி.

முதல் இரண்டையும் ஒரே ஜோடியாக எடுத்துக்கொள்ளலாம். வெளிவந்த வரிசையிலேயே போவதால் வரலாறு தானாகப் புரியும். எந்த ஆல்பத்திலும் இல்லாத 'ஷேக் த டிசீஸ்', 'ஒன்லி வென் ஐ லூஸ் மைசெல்ஃப்' போன்ற சிங்கிள்கள் இங்கே கிடைக்கும். ஆல்பம் ஆல்பமாகப் போகிறவர் தவறவிடுவது இவற்றைத்தான். ஆனால் இதில் இருப்பவை சிங்கிள் வடிவங்கள். 'இன் யுவர் ரூம்' பெரிய எடுத்துக்காட்டு. தொகுப்பில் இருப்பது தயாரிப்பாளர் புட்ச் விக் மாற்றி அமைத்த ராக் மிக்ஸ், ஆல்பத்தில் இருப்பது ஆறு நிமிடத்துக்கு மேல் மெதுவாகக் கொதித்து எழும் வேறொரு பாட்டு.

2006 தொகுப்பு ஒரே சிடியில் 18 பாடல், மலிவு, வசதி. காலவரிசை கிடையாது. 'பாலிஸி ஆஃப் ட்ரூத்', 'ஸ்டிரிப்ட்', 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' மூன்றும் இல்லை. நீண்ட கார் பயணத்துக்கு ஆகும், குழுவைப் புரிந்துகொள்ள ஆகாது.

'பிளாஸ்ஃபெமஸ் ரூமர்ஸ்' பாட்டு 81–85 தொகுப்பிலும் 101-லும் வரும். ஒரு பெண்ணின் தற்கொலை முயற்சியைப் பற்றியது. கூட யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1997-க்குப் பிறகு

இங்கே தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு விலக்கு தவிர. அல்ட்ரா (1997) கஹான் சாவின் விளிம்புவரை போய்வந்த காலத்தில் உருவானது. நல்ல ஆல்பம், ஆனால் முன்கதை தெரிந்தால்தான் கனக்கும். பிளேயிங் தி ஏஞ்சல் (2005) கஹான் எழுதிய மூன்று பாடல்களுக்காகக் கேட்கலாம். ஆனால் இறுதிப் பதிவில் (மாஸ்டர்) ஒலியை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள், நல்ல ஹெட்ஃபோனில் காது சீக்கிரம் களைத்துப்போகும்.

விலக்கு மெமென்டோ மோரி (2023). 2022 மே மாதம் ஃப்ளெட்சர் இறந்த பிறகு, கோரும் கஹானும் மட்டும் செய்த முதல் ஆல்பம். பாடல்கள் பெரும்பாலும் அவர் இருந்தபோதே எழுதப்பட்டவை. வயதானவர்களின் பாப் இசை எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு 'கோஸ்ட்ஸ் எகெய்ன்' ஒன்று போதும்.

ஒரே பார்வையில்

| தொடங்கும் இடம் | ஒலியைக் கட்டியவர்கள் | பிடிபட | யாருக்கு | அடுத்தது |
|---|---|---|---|---|
| ஸ்பீக் அண்ட் ஸ்பெல் | கிளார்க், மில்லர் | முதல் முறையே | எண்பதுகளின் பாப் ரசிகர் | யாஸூ |
| பிளாக் செலிபிரேஷன் | வைல்டர், மில்லர், ஒலிப்பொறியாளர் கேரத் ஜோன்ஸ் | நாலைந்து முறை | தனிமையில் கேட்பவர் | மியூசிக் ஃபார் த மாஸஸ் |
| 101 | மேடைப் பதிவு | முதல் முறையே | கூட்டத்தின் சூடு பிடித்தவர் | பிளாக் செலிபிரேஷன் |
| வயலேட்டர் | வைல்டர், ஃப்ளட் | ஒன்றிரண்டு முறை | ஒரே ஆல்பம் போதும் என்பவர் | சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் |
| சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் | வைல்டர், ஃப்ளட் | இரண்டு மூன்று முறை | ராக் ரசிகர் | அல்ட்ரா |
| சிங்கிள்ஸ் ஜோடி | எல்லோரும் | முதல் முறையே | வரலாறு வேண்டுபவர் | மனம் நின்ற ஆண்டின் ஆல்பம் |

எந்த ரசனையும் முன்கூட்டி இல்லாதவருக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு: சிங்கிள்ஸ் 86–98-ன் முதல் சிடி. பத்துப் பாடல்கள். 'ஸ்டிரிப்ட்' தொடங்கி 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' வரை, நான்கு ஆண்டுக் காலம். வைல்டர் காலத்தின் சாரம் அது. முதல் மூன்று பாடல்களில் மனம் நின்றால் பிளாக் செலிபிரேஷன், கடைசி நான்கில் நின்றால் வயலேட்டர். எதிலும் நிற்கவில்லை என்றால் 81–85 தொகுப்பை ஒரு முறை பாருங்கள். அதுவும் ஒட்டாவிட்டால் இந்தக் குழு உங்களுக்கு இல்லை, நேரத்தை வேறெங்காவது செலவழிக்கலாம்.

வாங்கும்போது

பழைய தட்டு விற்கும் இடங்களில் மூன்று பெயர்களில் ஏமாற வாய்ப்பு. 'பீப்பிள் ஆர் பீப்பிள்' என்ற பெயரில் 1984-ல் அமெரிக்காவில் வந்தது ஸ்டுடியோ ஆல்பம் அல்ல, தொகுப்பு. 'கேட்சிங் அப் வித் டெபெஷ் மோட்' என்பது 81–85 தொகுப்புக்குப் பதிலாக அமெரிக்காவில் விட்டது, பாடல்கள் முழுதும் ஒத்துப்போகாது. 1993 டிசம்பரில் வந்த சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன் லைவ், அதே பாடல்கள் அதே வரிசையில் மேடையில் பாடியது. உறையை அவசரமாகப் பார்த்தால் ஸ்டுடியோ ஆல்பம் என்றே தோன்றும், எனவே 'லைவ்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சிடி வாங்குவதாக இருந்தால் 2006, 2007-ல் வந்த மறுபதிப்புகள் தேடத் தக்கவை. கூடவே வரும் டிவிடியில் 5.1 (சுற்றொலி) மிக்ஸும், அந்த ஆல்பம் உருவான கதையைச் சொல்லும் சிறு ஆவணப்படமும் இருக்கும். பழைய தட்டாக வாங்கும்போது அந்த டிவிடி பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.